விடுப்பில் வந்து டேப்பட் வைப்பது: டெல்டாவில் பழைய அம்பாசடருக்கு எங்கே போவது, என்ன கேட்பது

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை ஆகிய மூன்று ஊர்ப் பட்டறைகளையும் இந்த விடுப்பில் பார்த்ததில் ஒன்று தெளிவு. டேப்பட் வைப்பது என்றால் இன்ஜின் வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஒரு திருகால் சரிசெய்வது. தாத்தா காலத்து அம்பாசடரில் அந்தத் திருகு இறுகிப்போனால் கார் பட்டறைக்குப் போவதைவிட, வயலில் டீசல் பம்ப்செட்டுக்கு வேலை செய்கிற பிட்டரைத் தேடுவது மேல். கார் பட்டறையில் இருக்கும் இளைஞர்கள் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் வண்டிகளில் பழகியவர்கள், திருப்புளி வைத்து டேப்பட் வைத்ததே இல்லை என்பவர்களும் உண்டு. 5 எச்.பி. கிர்லோஸ்கர் இன்ஜினிலும் வால்வை அமுக்கும் அதே ராக்கர் ஆர்ம், அதைக் கீழிருந்து தள்ளும் அதே புஷ் ராடு, அதே திருகும் அதை அசையாமல் பிடிக்கும் பூட்டு நட்டும்தான். அதைத் தினம் தொடுகிறவர் கைக்கு அம்பாசடர் புதிதல்ல. சம்பா அறுப்பு நடக்கும் தை, மாசியில் மட்டும் அவர் கிடைக்கமாட்டார். லேத் பட்டறையிலும் அப்போது அறுவடை இயந்திர வேலை வரிசை கட்டி நிற்கும்.

இங்கே சொல்வதெல்லாம் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கு, அதாவது பிரிட்டிஷ் பி.எம்.சி. பி-சீரிஸ் வகைக்கு. பின்னால் வந்த ஐசுசு இன்ஜினில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாப்ட், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் மேல் இருக்கிறது, அது வேறு வேலை.

திருகு ஏன் இறுகுகிறது? வண்டி ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ராக்கர் கவருக்குள் நீர் வியர்த்து இறங்குகிறது. வீட்டில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். இன்ஜின் சூடேறாததால் அந்த ஈரம் ஆவியாகாமல் எண்ணெயோடு கலந்து கஞ்சியாகிறது. அதுவே மரையில் புகுந்து காய்ந்து, பிசின்போல் பிடித்துக்கொள்கிறது. இன்னொரு காரணம் மனிதர்கள் செய்தது. மூலத் திருகு 5/16 அங்குல யுஎன்எஃப் என்ற நுண்மரை வகை, அங்குலத்துக்கு 24 மரை. 5/16 என்பது 7.94 மி.மீ., ஆகவே 8 மி.மீ. திருகு 'வந்திடும்' என்று முறுக்கி ஏற்றிவிடுகிறார்கள். சாதாரண 8 மி.மீ. திருகின் மரை இடைவெளி 1.25 மி.மீ., இதற்கு வேண்டியது 1.06. இரண்டு மூன்று சுற்று ஏறும், பிறகு கடித்துக்கொண்டு நிற்கும். அப்படிச் சிக்கியதை எண்ணெய் ஊற்றி எடுக்க முடியாது.

ஸ்பேனர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பூட்டு நட்டு அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. பட்டறையில் கைக்குக் கிடைப்பது 13 ஸ்பேனர். அந்த 0.3 மி.மீ. தளர்ச்சியில் இறுகின நட்டின் முனை மழுங்கிவிடும். ஊருக்கு வரும்போது பெட்டியில் ஒரு அரை அங்குல ரிங் ஸ்பேனரும், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபில்லர் கேஜ் அங்குல அளவில் ஒன்றும், எட்டுத் திருகு எட்டு நட்டும் வைத்துக்கொள்வது நல்லது. இங்கிலாந்தில், இதே வகை இன்ஜின் உள்ள பழைய எம்ஜிபி கார்களுக்காக பி-சீரிஸ் திருகுகள் இன்றும் விற்கிறார்கள். வாங்கும்போது மரையையும் புஷ் ராடில் உட்காரும் குண்டு முனையின் விட்டத்தையும் ஒத்துப்பார்க்க வேண்டும். துரு இளக்கும் ஸ்பிரேயை மட்டும் கொண்டுவர வேண்டாம். விமானத்தில் விடமாட்டார்கள், இங்கே ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கிறது.

வேலைக்கு வருவோம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டால் இன்ஜினைக் கையால் சுற்றலாம். எந்தத் திருகைத் தொடுகிறோமோ அந்த வால்வு முழுக்க மூடியிருக்க வேண்டும். நட்டின் மேலும் திருகின் அடியிலும் இரண்டிரண்டு சொட்டு இளக்கும் எண்ணெய், இரண்டு மூன்று இரவு. குடம்குடமாக ஊற்றினால் எல்லாம் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் இறங்கி இன்ஜின் எண்ணெயைத்தான் கெடுக்கும். பிறகு நட்டை முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசைத்துவிட்டுத்தான் தளர்த்த வேண்டும். பிசின் அங்கேதான் உடையும். திருகின் பிளவில் காய்ந்த அழுக்கை ஆக்ஸா பிளேடு முனையால் சுரண்டி, பிளவை முழுக்க நிரப்பும் அகலமான திருப்புளியை வைத்து, முன்னும் பின்னும் கால் கால் சுற்றாக ஆட்ட வேண்டும். சுத்தியலால் திருப்புளியின் தலையில் தட்டுவது எல்லாப் பட்டறையிலும் கைப்பழக்கம். திருகின் அடியில் புஷ் ராடு இருக்கும்போது தட்டினால் அந்த ராடு வளையும்.

எங்கும் பார்த்த தப்பு இது: திருகை முழுதாகக் கழற்றப் பார்ப்பவர்கள் இடப்பக்கமாகவே முறுக்குகிறார்கள். குண்டு முனை அடியில் இருக்கிறது, மரையைவிடப் பெரியது. இடப்பக்கம் திருப்பினால் திருகு மேலேறி, குண்டு ராக்கரின் அடியில் முட்டி நின்றுவிடும். 'இறுகிப்போச்சு' என்று சொல்வதில் பாதி இதுதான். வெளியே எடுக்க, புஷ் ராடை விலக்கி, நட்டை அகற்றி, வலப்பக்கம் திருப்பிக் கீழ்வழியாக இறக்க வேண்டும்.

அசையவே இல்லையென்றால் சூடு. வெல்டிங் பட்டறைக்காரர் கேஸ் விளக்கோடு ஓடிவருவார், அதை அனுமதிக்கக் கூடாது. ராக்கரின் மறுமுனையில் வால்வைத் தொடும் பரப்பு கடினப்படுத்தியது; சிவக்கச் சுட்டால் அந்தக் கடினம் போய், சீக்கிரமே குழி விழும். பெரிய சால்டரிங் அயனின் நுனியை நட்டின் மேல் பத்து நிமிடம் வைத்தாலே போதும். ராக்கர் வெளியே வந்திருந்தால் இன்னும் எளிது. கொதிநீரில் போட்டு எடுத்துத் துடைத்து, உடனே எண்ணெய்ச் சொட்டு. ஆறும்போது மரை அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ராக்கரை வெளியே எடுப்பதில்தான் பெரிய வம்பு. இந்த இன்ஜினில் ராக்கர்கள் கோத்திருக்கும் ஷாப்டைத் தாங்குகிற பிராக்கெட்டைப் பிடிக்கும் நட்டுகளில் நான்கு ஹெட் நட்டுகளே. "அந்த நாலையும் சேத்து அவுத்தா ஷாப்ட் கையோட வந்துடும் சார்" என்பார்கள். வரும்தான். ஆனால் மற்ற ஹெட் நட்டுகள் இறுக்கமாக இருக்கையில் இந்த நான்கு மட்டும் விட்டால் ஹெட் கோணி, கேஸ்கெட் விட்டு, தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். "அண்ணே, முதல்ல ரேடியேட்டர் தண்ணிய இறக்குங்க, எல்லா நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்துங்க" என்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. முன்னெச்சரிக்கையாக ஹெட் கேஸ்கெட் ஒன்றை வாங்கி வைத்துவிட்டே தொடங்கலாம். டெல்டாவில் கிடைக்காவிட்டால் சென்னை புதுப்பேட்டை.

திருகு முறிந்தோ கடித்தோ போனால் லேத்தில் துளையிடச் சொல்வது வீண். திருகு கடினமானது, டிரில் சறுக்கி ராக்கரைத் தின்னும். குண்டு முனையை கிரைண்டரில் அறுத்துவிட்டால் மிச்சத்தை மேல்வழியாகக் கழற்றிவிடலாம். புதுத் திருகை லேத்தில் கடைந்து தருகிறேன் என்பார்கள். மைல்டு ஸ்டீலில் கடைந்த குண்டு கடினப்படுத்தாமல் போட்டால் வேகமாகத் தேயும், இடைவெளி மறுபடி மறுபடி கூடும். திருகிலும் ராக்கரிலும் உள்ள எண்ணெய்த் துளையை மெல்லிய கம்பியால் குத்தி, மண்ணெண்ணெயில் கழுவுவதை மறக்க வேண்டாம். அந்தத் துளை அடைத்ததால்தான் பல குண்டுகள் காய்ந்து தேய்ந்திருந்தன.

இடைவெளி 15 தௌ (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வகை வால்வுக்கும். வால்வுகளை முன்னாலிருந்து 1 முதல் 8 வரை எண்ணிக்கொண்டு, கூட்டினால் ஒன்பது வரும் கணக்கு: 8 முழுக்கத் திறந்திருக்கும்போது 1ஐ வைக்க வேண்டும், 6 திறந்திருக்கும்போது 3, 4க்கு 5, 7க்கு 2, பிறகு மறுபுறம். ராக்கர் பரப்பில் குழி இருந்தால் ஃபில்லர் கேஜ் குழியின் மேல் பாலம்போல் நின்று பொய் சொல்லும். பதினைந்து வைத்தும் டேப்பட் அடிக்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான். அதற்கு ஒரு வழி: இடைவெளி சரியாகப் பூச்சியமாகும் வரை திருகை இறக்கி, கால் சுற்று பின்னால் விடலாம். கால் சுற்றுக்குத் திருகு பத்து தௌ ஏறும், ராக்கரின் விகிதம் ஏறத்தாழ 1.4, ஆகவே வால்வுப் பக்கம் பதினைந்தை ஒட்டி வரும். நட்டை இறுக்கும்போது திருப்புளியை விடாமல் பிடித்திருக்க வேண்டும். இறுக்கியபின் மறுபடி அளக்காமல் எந்தப் பிட்டரையும் அடுத்த வால்வுக்குப் போகவிடக் கூடாது. சத்தம் அடங்கட்டும் என்று 10 தௌவுக்குக் குறைத்து வைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். இடைவெளி மேலும் குறைந்து எக்ஸாஸ்ட் வால்வு முழுக்க மூடாமல் போனால் கருகும்.

ஹெட் நட்டுகளைத் தொட்டிருந்தால், வண்டியைக் கொஞ்சம் ஓட்டியபின் மறுபடி இறுக்கி, டேப்பட்டையும் மறுபடி பார்க்க வேண்டும். ஆகவே இந்த வேலையை விடுப்பின் கடைசி வாரத்துக்குத் தள்ளக் கூடாது. எண்ணெயை மாற்றி 20W-50 ஊற்றலாம். கவரின் கார்க் கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டு, இரண்டு நட்டையும் கைக்கு அடங்கிய அளவே இறுக்க வேண்டும். மீறினால் கார்க் நசுங்கி, எண்ணெய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் வழிந்து புகையும்.