சரணாலயக் கண்மாயில் வேலிக்கருவை: ஜேசிபியா, அரிவாளா?

ராமநாதபுரம் மாவட்டத்துச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் எல்லாம் காகிதத்தில் பறவைகள் சரணாலயங்கள். தரையில் அவை கண்மாய்கள். மற்ற கண்மாய்களைப் போலவே அங்கும் வேலிக்கருவை, அதாவது சீமைக்கருவேலம், அடைத்துக் கிடக்கிறது. அதைக் குறைக்க இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. ஒன்று, ஜேசிபி விட்டுத் தூரோடு பிடுங்குவது. மற்றது, ஆள் விட்டு இடைவெளி விழும்படி கலைத்து வெட்டி, விட்டுவைப்பதை மரமாக நிமிர்த்துவது. சரணாலயத்துக்குள் என் சாய்வு இரண்டாவது பக்கம்.

பட்டா நிலத்தில் மூன்றாவது வழியும் உண்டு. கரிமூட்டம் போடுகிறவர் வெட்டிக்கொண்டு போய் நிலத்துக்காரருக்குக் காசு கொடுத்துவிடுவார். சரணாலயத்தில் அது நடக்காது. வன உயிரின (பாதுகாப்பு) சட்டம், 1972, பிரிவு 29 குறுக்கே நிற்கிறது. முதன்மை வன உயிரினக் காப்பாளர் அனுமதியோடுதான் வாழிடத்தில் கை வைக்கலாம். வெட்டிய விறகைச் சுற்றுவட்டார மக்கள் சொந்தத் தேவைக்கு எடுக்கலாம், வியாபாரத்துக்கு ஆகாது. ஆக, தூரை விற்று ஜேசிபி வாடகையைக் கட்டிவிடலாம் என்ற கணக்கு உள்ளே செல்லாது. எந்த வழியானாலும் முழுச் செலவும் கைக்காசுதான். அதனால்தான் முதல் செலவைவிடப் பின்பராமரிப்பைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வேகத்தில் ஜேசிபிக்கு ஈடில்லை. அதில் பேச்சே வேண்டாம்.

வினை மழைக்குப் பிறகு தொடங்கும். கருவையின் துளிர்க் கண்கள் அடித்தண்டிலும், மண்ணுக்குக் கீழே ஓரடி வரையுள்ள வேர்க்கழுத்திலும் இருக்கின்றன. கழுத்து முழுதாக வெளியே வந்தால் மரம் செத்தது. அதற்குக் கீழே அறுந்த வேர் பொதுவாகத் துளிர்க்காது. ஆனால் காய்ந்து இறுகிய கரிசலில் பக்கெட் இழுக்கும்போது தண்டு பாதியில் முறிந்து கழுத்து உள்ளேயே தங்கிவிடுவதுண்டு. அடுத்த மழையில் ஒரு தண்டு இருந்த இடத்தில் பத்துத் துளிர் நிற்கும்.

அதைவிடப் பெரிய தொல்லை விதை. நெற்றுக்குள் இருக்கும் விதைக்கு ஓடு கெட்டி. மண்ணில் பல ஆண்டு உறங்கும். பக்கெட் மண்ணைப் புரட்டும்போது புதைந்ததெல்லாம் மேலே வருகிறது. நிழலும் போய்விடுகிறது. இந்தக் கன்றுக்கு வெயில் வேண்டும், தாய்மரத்து நிழலில் அது தேறுவது அரிது. மொட்டையடித்த கண்மாயில் தண்ணீர் வற்ற வற்ற ஈரச்சேற்று ஓரமெல்லாம் கன்று முளைப்பது இதனால்தான். வேர் ஒரு சாண் போவதற்குள் கையால் பிடுங்கலாம். அதை விட்டால் மண்வெட்டி, அதையும் விட்டால் மறுபடி ஜேசிபி.

கலைத்து வெட்டினால் நிழல் மிஞ்சுகிறது. களையெடுக்கும் வேலையில் பாதியை அந்த நிழலே பார்த்துக்கொள்கிறது. நான் சாய்வதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம் பறவை. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நாட்டுக்கருவேலா வேலிக்கருவையா என்று பார்ப்பதில்லை. தண்ணீருக்குள் நிற்கும், தலை அகன்ற மரமாக இருந்தால் கூடு வைக்கும். அந்த மரங்களை ஒரே கோடையில் எடுத்துவிட்டு நட்ட கன்று வளரட்டும் என்றால், இடையில் வரும் ஆண்டுகளில் அவற்றுக்கு இடமில்லை.

செய்முறை இப்படி. குஞ்சுகள் பறந்து, கண்மாய் காய்ந்த பிறகு, மே முதல் ஆகஸ்டுக்குள். பழைய கூடுள்ள மரங்களுக்கும் அவற்றைச் சுற்றியுள்ளவற்றுக்கும் முதலில் பெயிண்ட் அடையாளம். மற்ற இடத்தில் ஐந்து மீட்டருக்கு ஒரு மரம், அதாவது ஹெக்டேருக்குச் சுமார் 400. விட்டுவைக்கும் மரத்தில் நேரான தண்டு ஒன்றோ இரண்டோ போதும். உயரத்தில் கீழ் மூன்றில் ஒரு பங்குக் கிளையைக் கழிக்க வேண்டும். எடுக்கும் மரத்தைத் தரைமட்டத்தில் அறுத்துவிட்டுப் போகக் கூடாது. சுற்றி ஓரடி தோண்டி, கழுத்துக்குக் கீழே கோடாலியால் வெட்ட வேண்டும். கூலி ஆட்கள் தட்டிக்கழிக்கும் இடம் இதுதான், கங்காணி அருகிலேயே நிற்க வேண்டும். ஒரே ஆண்டில் முழுக் கண்மாயையும் தொடாமல் மூன்றில் ஒரு பங்காகப் பிரித்துக்கொள்வது நல்லது. வெட்டிய பகுதியில் மூன்று ஆண்டு துளிரும் கன்றும் எடுத்தாக வேண்டும். தண்ணீர் வற்றும் நாளில் கூடுகளை விட்டு விலகி, ஓரத்தில் மட்டும் ஒரு சுற்று. கோடையில் முழுச் சுற்று. நெற்று உதிரும் காலத்தில் பக்கத்தில் ஆட்டுக்கிடை போட விடக் கூடாது. ஆடு தின்ற விதை புழுக்கையில் முளைப்புத் தயாராகவே வரும்.

ஜேசிபிக்கும் இடம் உண்டு. தண்ணீர் வரும் வரத்துக்கால், மடை முகம், மிகைநீர் வழியும் கலுங்கு முன்னால் கூடு இருக்காது, ஒரு மரமும் மிஞ்சவும் கூடாது. அங்கே பிடுங்கிக் குழியை மூடிவிடலாம். அடிமண் உவராக இருந்தால் ஆழமாகப் புரட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கரைமேல் மட்டும் பக்கெட் வேண்டாம். வேர் போன பொந்து வழியே நீர் கசிந்து கரை உடையும். ஆள் வைத்துக் கழுத்தை எடுத்து, களிமண் போட்டு இடிக்க வேண்டும்.

களைக்கொல்லி மருந்து வழியைக் கண்மாய்க்குள் நான் பரிந்துரைக்க மாட்டேன். மீனும் கால்நடையும் அதே தண்ணீரில். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகளுக்கு இந்த அலசலை அப்படியே நீட்டவும் தயக்கம்தான். அங்கே மணலும் பவளக் கல்லும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றில் மொட்டைத் தரை என்ன ஆகும் என்பது தனிக் கணக்கு.

கழித்த முள்ளைக் கண்மாய்க்குள் எரிப்பது வழக்கம். அதற்குப் பதில் நெற்றை உதிர்த்துவிட்டு எடுத்து வைக்கலாம். நிறைநீர் மட்டத்துக்கு மேல் ஓரடியாவது உயர்த்திய மண்மேட்டில், ஐப்பசி முதல் மழையோடு நாட்டுக்கருவேல் கன்று நட்டு, அதே முள்ளை அடிப்பக்கம் உள்ளே பார்க்க நெருக்கி அடைத்தால், ஆடு வாய் வைக்காது.