‘பரிசீலனையில் உள்ளது’ என்ற கடிதத்தை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்

அக்காவுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவே இல்லை. இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள், பிழைத்தாள். அதற்காக அந்த டாக்டர்களுக்கு இன்றும் எங்கள் வீட்டில் நன்றி உண்டு. 11 வருடம் கழித்து, கால் வீங்குகிறதே என்று காட்டப் போன இடத்தில் ஹெபடைட்டிஸ் சி என்றார்கள், ரத்தத்தின் வழியாகத் தொற்றி ஈரலைக் கெடுக்கும் வைரஸ் நோய். ஈரல் ஏற்கெனவே சுருங்க ஆரம்பித்திருந்தது. பச்சை குத்தியதில்லை, வேறு ஆபரேஷன் இல்லை. அந்த இரண்டு பைகள்தான்.

அரசு மருத்துவமனை என்பதால் சுகாதாரத் துறைக்கு இழப்பீடு கேட்டு எழுதினோம். யாரும் எங்களை விரட்டவில்லை, லஞ்சம் கேட்கவில்லை. நல்ல தாளில், மரியாதையான வார்த்தைகளில், கடிதம் கடிதமாகப் போட்டே ஏமாற்றினார்கள். நாங்கள் செய்த முட்டாள்தனத்தை இன்னொருவர் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் பதில் இரண்டு மாதத்தில் வந்தது. “தங்கள் சகோதரிக்கு நேர்ந்ததற்கு மிகவும் வருந்துகிறோம். தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.” அக்கா படித்துவிட்டு அழுதாள். வருந்துகிறோம் என்று எழுதியாயிற்று, பிறகென்ன, தப்பை ஒத்துக்கொண்ட மாதிரிதானே என்று நானும் நினைத்தேன். துக்கம் விசாரிக்க வருபவரும்தான் வருந்துகிறார். சாவுக்கு நான்தான் காரணம் என்றா சொல்கிறார்? அந்த ஒரு கடிதத்தை நம்பி 14 மாதம் வக்கீல் வீட்டுப் படியேறாமல் இருந்தோம். வழக்குப் போடுவதற்கான காலவரம்பு அதற்குள் முடிந்துவிட்டது. துறை பரிசீலித்துக்கொண்டிருக்கிறது என்பதற்காக அந்தக் கெடு நின்று காத்திருக்காது என்று வக்கீல் சொன்னபோது வயிற்றைக் கலக்கியது. இப்போது தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு ஓடிக்கொண்டிருக்கிறது. நோய் தெரிந்த அன்றைக்கே ஒரு வக்கீலிடம் கெடு எப்போது என்று மட்டுமாவது கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எழுதுவதை அப்புறம் எழுதலாம்.

இரண்டாவது கடிதத்தில் குரல் மாறியது. ரத்தம் ஏற்றியதற்கு ஆவணம் இல்லை, பழைய கேஸ் ஷீட்டுகள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன, ஆகவே நிரூபிக்க வேண்டியது மனுதாரர். வைத்திருந்தவர் அழித்துவிட்டார், வைத்திராதவர் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம்!

எங்களைக் காப்பாற்றியது அம்மாவின் தகரப் பெட்டி. குழந்தையின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து டிஸ்சார்ஜ் சீட்டையும் மடித்து வைத்திருந்தார். அதன் ஓரத்தில் நீல மையில் ‘2 யூனிட்’. அதற்குக் கீழே ரத்தப் பையிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், பாதி கிழிந்து, எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்கள் மட்டும் தெரிகிற மாதிரி. அந்த அசலையே தபாலில் அனுப்பப் பார்த்தேன் நான். அக்காதான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அந்த ஐந்து இலக்கத்தை வைத்துக்கொண்டு ரத்த வங்கிக்குப் போனோம். வார்டு கேஸ் ஷீட் ஓர் இடம், ரத்த வங்கியின் வழங்கல் பதிவேடு வேறு இடம். ஒன்று அழிந்தால் மற்றதும் அழிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தேதி, அக்கா பெயர், ரத்த வகை, இரண்டு பை எண்கள், எல்லாம் ஒரே வரியில் இருந்தன. சான்றிட்ட நகல் வாங்கிய பிறகுதான் எதற்காக என்று சொன்னோம். புகார் முன்னால் போனால் பதிவேடு பின்னால் வராது என்பது அதற்குள் புரிந்திருந்தது.

இது எங்கள் ஊர்க் கோளாறு என்றுகூட நினைத்தேன். அப்படியில்லை. ஜப்பானில், ரத்தத்திலிருந்து செய்த மருந்தால் ஹெபடைட்டிஸ் சி வந்திருக்கலாம் என்று கருதப்பட்ட 418 பேரின் பட்டியல் 2002-லேயே சுகாதார அமைச்சகத்திடம் போயிருக்கிறது. நோயாளிகளிடம் யாரும் சொல்லவில்லை. 2007-ல் அது அமைச்சகத்தின் கீழ்த்தளக் கிடங்கில் கிடைத்தது. மறு வருடம் ஜனவரியில் நிவாரணச் சட்டம் வந்தது. அதிலும் மருந்து செலுத்தப்பட்டதை நீதிமன்றத்தில் நிரூபித்தால்தான் பணம்.

மூன்றாவது கடிதம், அக்காலத்தில் கிடைத்த மிகச் சிறந்த பரிசோதனைகள் செய்யப்பட்டன என்றது. ரத்தம் கொடுத்தவருக்குத் தொற்றிய புதிதில் சில வாரங்கள் வைரஸ் பரிசோதனையில் சிக்காது என்பது உண்மைதான். ஆனால் இந்தக் குறிப்பிட்ட பைகளைச் சோதித்த பதிவு எங்கே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பிரிட்டனிலும் பல வருடம் இதே பாட்டுத்தான் பாடினார்கள்: அன்றைக்கு இருந்ததில் சிறந்த சிகிச்சை. ரத்தத்தாலும் ரத்தப் பொருட்களாலும் 30,000 பேருக்கு மேல் எச்ஐவியோ ஹெபடைட்டிஸோ தொற்றிய விவகாரம் அது. முன்னாள் நீதிபதி சர் பிரையன் லாங்ஸ்டாஃப் தலைமையிலான விசாரணை 2024 மே 20 அன்று அறிக்கை கொடுத்தபோது, இது விபத்தல்ல என்றும், உண்மை மறைக்கப்பட்டது என்றும் எழுதியது.

இனிச் சொல்வதுதான் முக்கியம். நான்காவதாக வந்தது ‘கருணைத்தொகை’. கூடவே கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலில் பெருக்கல் குறி போட்ட ஒரு படிவம். தொகை மோசமில்லை, பேனாவையும் எடுத்துவிட்டேன். இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில்: “மேற்படி சிகிச்சையால் ஏற்பட்ட, இனித் தெரியவரக்கூடிய எந்தப் பாதிப்புக்கும் மேற்கொண்டு உரிமை கோர மாட்டேன்.” அக்காவுக்கு 12 வாரம் மாத்திரை கொடுத்ததில் வைரஸ் போய்விட்டது. அதை வைத்துப் படிவத்தில் ‘பூரண குணம்’ என்றும் போட்டிருந்தார்கள். சுருங்கிய ஈரல் சுருங்கியதுதான். புற்றுநோய் வருகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுக்கிறோம். நாளை அது வந்தால் இந்தத் தாளைக் காட்டுவார்கள்.

பிரிட்டனில் 1991-ல் இதுதான் நடந்தது. ரத்தம் உறையாத நோய்க்கு எடுத்த மருந்தால் எச்ஐவி தொற்றியவர்களிடம், பணம் கொடுக்கும்போது, ஹெபடைட்டிஸுக்காகவும் வழக்குப் போட மாட்டோம் என்று எழுதி வாங்கினார்கள். தங்களுக்கு ஹெபடைட்டிஸ் சி-யும் இருக்கிறது என்பது கையெழுத்துப் போட்டபோது அவர்களில் பலருக்குத் தெரியாது.

கையெழுத்தில்லாமல் படிவத்தைத் திருப்பி அனுப்பினோம், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில். இடைக்கால உதவியாகத் தந்தால் வாங்கிக்கொள்கிறோம், உரிமையை விட்டுத்தர மாட்டோம் என்று வக்கீல் இரண்டே வரி எழுதிக் கொடுத்தார். அதற்குப் பதில் போன வாரம் வந்தது. கோப்பு வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டிருக்கிறதாம். இனி எழுதினால் புதிய எண்ணைக் குறிப்பிட வேண்டுமாம். எண் மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.