ஆங்கில வழி ஜப்பானிய ஆப்: சொற்களுக்கு ஓகே, இலக்கணத்துக்கு வேண்டாம்

ஆறு மாதம் தினமும் அரை மணி நேரம் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆங்கிலம் தெரிந்தவர்களுக்காகச் செய்த ஆப் இது. பெயர் சொல்லவில்லை, இதே அச்சில் வார்த்தவை நிறைய இருக்கின்றன.

அன்றாடச் சொற்களில் குறையே சொல்ல முடியாது. மிஸு தண்ணீர், இமா இப்போது, அஷிதா நாளை என்று தினமும் வாயில் வருவதை முதலில் தருகிறது, நாம் மறக்கப்போகும் சமயம் பார்த்துத் திரும்பக் கேட்கிறது. ஆங்கிலம் போலக் காதில் விழுந்து ஏமாற்றும் சொற்களுக்குத் தனிப் பாடம் வேறு: மன்ஷொன் மாளிகை இல்லை, அடுக்குமாடி வீடு, கொன்சென்தோ என்றால் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்.

எழுத்தில்தான் ஏமாந்தேன். ஹிரகானா, கதகானா என்று இரண்டு ஜப்பானிய எழுத்து வரிசை, ஒவ்வொன்றிலும் 46, உட்கார்ந்தால் சில வாரங்களில் முடிந்துவிடும். ஆனால் ஜப்பானியச் சொல்லோடு உச்சரிப்புக்காகக் காட்டும் ஆங்கில எழுத்தை அணைக்க ஆப் சொல்லவே இல்லை, நானும் இரண்டு மாதம் அதையே பிடித்துத் தொங்கினேன். ஒபசன் அத்தை, ஒபாசன் பாட்டி. குறில் நெடில் பார்த்து வளர்ந்த நமக்கு இது ஒரு விஷயமே இல்லை, ஆனால் ஆங்கில எழுத்தில் இரண்டையும் ஒரே மாதிரி போட்டிருக்கிறார்கள்! முதல் வாரமே அமைப்புக்குள் போய் அதை அணைத்துவிடுங்கள்.

சரி, இலக்கணம். வினைச்சொல் கடைசியில் வரும் என்பதை விளக்க ஒரு முழுப் பாடம். நமக்கு அது ஒரு வரி. "மோ" என்ற ஒட்டுக்கு ஆங்கிலத்தில் மூன்று நான்கு அர்த்தம் கொடுத்துக் குழப்புகிறார்கள், அது நம் "உம்" தான்: வதஷி மோ நானும், எதிர்மறை வாக்கியத்தில் தரே மோ யாரும், நனி மோ எதுவும். கொரே, சொரே, அரே மூன்றையும் இரண்டே இரண்டு ஆங்கிலச் சொல்லில் அடைக்கப் பார்த்துத் திணறுகிறது ஆப். இது, உது (கேட்பவர் பக்கம் இருப்பது), அது என்று வைத்தால் முடிந்தது, யாழ்ப்பாணத்தார் இன்றும் உது என்கிறார்களே. "நொந்தே மிரு" என்பதை ஒரு தனிச் சூத்திரமாக மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், நானும் நொந்துபோய்ச் செய்தேன். நொந்தே குடித்து, மிரு பார். குடித்துப் பார்! அன்றைக்கு இரவு தூக்கமே வரவில்லை, இத்தனை நாள் எதற்காக ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போனோம் என்று.

எல்லாவற்றுக்கும் தமிழ் கைகொடுக்காது. பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டுவது "வா"வா "கா"வா என்ற இடத்தில் இன்னும் தடுமாறுகிறேன். பென்சிலை எண்ணும்போது இப்பொன், நிஹொன், சன்பொன் என்று ஒலி மாறுவதற்கும் குறுக்கு வழி கிடையாது, அதைப் படம் போட்டு ஆப் நன்றாகவே சொல்லித்தருகிறது.

இன்னொரு எரிச்சல், ஆங்கில வாக்கியத்தில் "நீ" வரும் இடமெல்லாம் அனதா போடுகிறது. பேச்சில் பெயரோடு "சன்" என்ற மரியாதை ஒட்டைச் சேர்ப்பார்கள், இல்லையென்றால் எழுவாயையே விட்டுவிடுவார்கள், நாம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பது போல. எதிரில் இருப்பவரை வரிக்கு வரி அனதா என்றால் மரியாதையாக இருக்காது.

கட்டணச் சந்தாவை நிறுத்திவிட்டேன். சொற்களுக்கு இலவசப் பகுதி போதும், இலக்கணத்துக்கு ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொள்கிறேன். ஐந்துக்கு மூன்று.