வேலூர்ல பேட்டரி சார்ஜர் பார்ட்ஸ் வாங்குன கடை

கார் பேட்டரிக்கு ஃபுல்லானதும் தானா நின்னுடுற ஆட்டோ கட்டாஃப் சார்ஜர் நாமளே செய்யலாம்னு லாங் பஜார் பக்கம் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனேன், 15 வோல்ட் 5 ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர், ஏசிய டிசியாக்குற பிரிட்ஜ், சுவிட்ச் மாதிரி வேலை செய்யுற ரிலே, ரெண்டு வோல்டேஜ ஒப்பிட்டுப் பாக்குற கம்பேரேட்டர் ஐசி எல்லாமே கிடைச்சுது. கடை அண்ணன் செம பொறுமை, எத்தன ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது கொள்ளளவு) பேட்டரின்னு கேட்டுட்டுதான் பார்ட்டே எடுக்குறாரு. வோல்டேஜ் ரெகுலேட்டர் ஐசில எல்எம்317 ஒன்றரை ஆம்ப்தான் தாங்கும், எல்எம்338 5 ஆம்ப் தரும், ஆனா சூட்ட வெளியேத்துற பெரிய ஹீட்சிங்க் இல்லன்னா சூடாகி தானே அடங்கிடும்னு புரியவச்சாரு. அதவிட முக்கியமா ஒண்ணு சொன்னாரு, "தம்பி, புக்குல சார்ஜ நிறுத்த 14.4 வோல்ட்னு போட்டிருக்கும், அது 25 டிகிரிக்கு, நம்ம வேலூர் வெயிலுக்கு 14.1லயே கட் ஆகுற மாதிரி வோல்டேஜ் செட் பண்ற ட்ரிம்பாட்ட வச்சுக்க, இல்லன்னா பேட்டரி தண்ணி சீக்கிரம் வத்திடும்"னு. இத எந்த ஆன்லைன் கடைல சொல்லுவாங்க? விலை கொஞ்சம் கூடதான், பைக் நிறுத்தவும் இடமில்ல, ஆனாலும் தாராளமா போலாம்.