தங்க விலையில் சிக்கிக்கொண்ட செய்திச் செயலி: ஆறு மாத அனுபவம்

தமிழ்ச் செய்திகளைத் திரட்டித் தரும் ஒரு கைபேசிச் செயலியை ஆறு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை. நிறுவியபோது மொழியையும் மாவட்டத்தையும் மட்டுமே கேட்டது. தமிழ், மதுரை என்று கொடுத்தேன். முதல் வாரத்தில் வைகை அணையின் நீர்மட்டம், மாநகராட்சிக் கூட்டம், மல்லிகைப்பூ விலை, கிரிக்கெட் என எல்லாம் கலந்தே வந்தன. எழுத்துரு தெளிவானது, பக்கங்களும் உடனே திறக்கின்றன.

தங்கை மகளின் காதணி விழாவுக்காக நான்கைந்து நாள் காலையில் தங்க விலையைத் திறந்து பார்த்ததிலிருந்துதான் சிக்கல் தொடங்கியது. முகப்பு முழுவதும் பவுன் விலை, நகைக்கடன், இன்று வாங்கலாமா நாளை வாங்கலாமா என்னும் ஆருடம். விழா முடிந்து இரண்டு மாதமாகியும் அது ஓயவில்லை. எதைத் தட்டுகிறோம், எதில் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்று கணக்கிட்டு, அதே இனத்தைச் சேர்ந்தவற்றை மேலே ஏற்றுவதுதான் இத்தகைய செயலிகளின் வேலைமுறை. எரிச்சலில் திறந்து படித்ததும் அந்தக் கணக்கில் விருப்பமாகவே பதிவாகிவிடும். 'ஆர்வமில்லை' என்ற பொத்தானை விடாமல் அழுத்தினேன். தங்கம் குறைந்தது, வெள்ளி வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனரின் கைபேசியையும் என்னுடையதையும் அருகருகே வைத்து, இதே செயலியை ஒரே நேரத்தில் திறந்து பார்த்தோம். முதல் இருபது தலைப்புகளில் இருவருக்கும் பொதுவாக இருந்தவை மூன்றே. அவற்றுள் ஒன்று வானிலை. அவருடையதில் ஒரே கட்சியின் மேடைப் பேச்சுகள் வரிசைகட்டி நின்றன. எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டப்போகும் செய்தியோ இருவருக்குமே வரவில்லை. தேநீர்க் கடையில் கிடந்த நாளிதழின் உள்பக்கத்தில்தான் அதைப் பார்த்தேன். நாளிதழில் வேண்டாத பக்கத்தைத் தள்ளிவிடும்போதும் அப்படியொரு பக்கம் இருப்பது கண்ணில் படும். இங்கே எது விடுபட்டது என்பதே தெரிவதில்லை.

அமெரிக்க எழுத்தாளர் எலி பாரிசர் 2011இல் வெளியான தம் நூலில் 'வடிகட்டிக் குமிழி' என்று குறிப்பிட்டது, நம் விருப்பத்துக்கேற்ப வடிகட்டியதை மட்டுமே பார்க்கும் இந்த நிலையைத்தான். இதை ஊதிப் பெருக்கவும் விரும்பவில்லை: 2020 அமெரிக்கத் தேர்தலின்போது முகநூல் பயனர்கள் சிலருக்கு மூன்று மாதம் பதிவுகளை விருப்பக் கணக்கின்றிக் கால வரிசையிலேயே காட்டிப் பார்த்த ஆய்வில், அவர்களுடைய அரசியல் கருத்துகள் குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. என் குறை, விலகிக்கொள்ள வழி இல்லை என்பதே. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி, மிகப் பெரிய தளங்கள் பயனரின் விவரங்களைச் சாராத பரிந்துரை முறை ஒன்றையாவது தந்தாக வேண்டும். யூடியூபில்கூடப் பார்வை வரலாற்றை அழித்து நிறுத்திவிட்டால் முகப்புப் பரிந்துரைகள் நின்றுவிடுகின்றன. இந்தச் செயலியின் அமைப்புகளில் எவ்வளவு தேடியும் அப்படியொரு வசதி கிடைக்கவில்லை.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன். மழை எச்சரிக்கைக்காகவும் மின்தடை அறிவிப்புக்காகவும் மட்டும் செயலியை வைத்திருக்கிறேன். வீட்டுக்கு நாளிதழ் போடச் சொல்லிவிட்டேன்.