ஒன்றரை வயதுக் குழந்தையோடு முதல் சுற்றுலா: ஏற்காடா, தரங்கம்பாடியா?

நண்பர் குடும்பமும் சேர்ந்து வருகிறதா? என் ஓட்டு தரங்கம்பாடிக்கு.

ஏற்காட்டுக் குளிர் இதம்தான். கொடைக்கானல் மாதிரி நடுக்காது. ஆனால் சேலத்திலிருந்து ஏறும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பால் குடித்த கையோடு கிளம்பினால் பாதி மலையில் வாந்திதான். பின்னால் வரும் நண்பர் வண்டியும் நிற்க வேண்டும். படகு, காட்சிமுனை எல்லாம் பெரியவர்களுக்கு.

தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையை ஒட்டியே மணல். வாண்டுக்கு அது போதும். ஒரு ஜோடி கோட்டையைச் சுற்றும்போது இன்னொரு ஜோடி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். அலையருகே மட்டும் கையை விடவே கூடாது. வெயிலும் கொடுமை, பத்து மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

மே மாதத்தில்தான் லீவு கிடைக்கும் என்றால், பேசாமல் ஏற்காட்டுக்கே போங்கள்.