குளிருக்குப் பழக்கிய மீன் என்று சொன்னால் நம்பி வாங்காதீர்கள்

18,500 ரூபாய் போய்விட்டது. கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுதுவது முன்னே பின்னே இருக்கும். ஆனால் நீலகிரியிலோ கொடைக்கானலிலோ வாசலில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படித்துவிடுங்கள்.

எங்கள் வீடு ஊட்டியில். வெளியே 1500 லிட்டர் பிடிக்கிற சிமென்ட் தொட்டி. அம்மாவுக்கு ஏஞ்சல் மீன் என்றால் உயிர் என்பதால், சமவெளியிலிருந்து பஸ் பார்சலில் வண்ணமீன் அனுப்பும் ஒரு விற்பனையாளரிடம் பேசினேன். முதலில் கேட்டதே குளிரைப் பற்றித்தான். "அண்ணா, இங்க டிசம்பர், ஜனவரியில உறைபனி விழுமே, தாங்குமா?" "கவலையே படாதீங்க சார், எல்லாம் குளிருக்குப் பழக்கின மீன், குன்னூர்ல நம்ம கஸ்டமர் தொட்டியைப் பாருங்க" என்று வீடியோவே அனுப்பினார். பின்னால் தேயிலைச் செடி, மூடுபனி, தண்ணீரில் ஏஞ்சல்கள். இதைப் பார்த்து யார்தான் சந்தேகப்படுவார்கள்? ஏஞ்சல், மோலி, பேரட், கூடவே 'இது ஒன்னு போதும் சார்' என்று ஒரு 300 வாட் ஹீட்டர், எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே.

மீன் வந்தபோது மேகம் மூடியிருந்ததால் இரவில் அவ்வளவு குளிர் இல்லை. அப்போதே மந்தமாக அடியில்தான் கிடந்தன. கேட்டால், "இடம் மாறின பயம் சார், ரெண்டு நாள் தீனி போடாதீங்க." மேகம் விலகி வானம் தெளிந்த முதல் ராத்திரியே உறைபனி விழுந்தது. காலையில் தண்ணீர் 9 டிகிரி. ஏஞ்சல்கள் எல்லாம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. அம்மா வலையோடு நின்று அழுததைச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

போன் செய்தால் "தண்ணி செட் ஆகியிருக்காது", அடுத்து "உப்பு போட்டீங்களா?", அப்புறம் "உயிரோட வந்து சேர்றதுக்கு மட்டும்தான் சார் கேரண்டி, அதுவும் பார்சல் பிரிச்ச ரெண்டு மணி நேரத்துக்குள்ள வீடியோ அனுப்பணும்." ஹீட்டரையாவது திருப்பி எடுங்கள் என்றதற்குப் பதிலே இல்லை. இப்போது என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார். 18,500 ரூபாய்!

ஏஞ்சல் அமேசான் ஆற்று மீன், அதற்கு 24 முதல் 28 டிகிரி வேண்டும். நாலு நாள் தொட்டியில் போட்டுப் பழக்கினால் உறைபனியைத் தாங்கும் மீனாக மாறிவிடாது, இது மீன் விற்கிறவருக்குத் தெரியாதா? அந்த ஹீட்டர் கதை அதைவிட மோசம். 1500 லிட்டரை ஒரு டிகிரி சூடாக்கவே 300 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஓட வேண்டும், அதுவும் சூடு கொஞ்சம்கூட வெளியே போகாமல் இருந்தால். திறந்த தொட்டியில், ஊட்டி ராத்திரியில்? பக்கத்து அவலாஞ்சியில் ட்ரவுட் என்கிற குளிர்நீர் மீனை வளர்க்கிற குளிர் இது.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. வெளித்தொட்டி என்றால் கோல்ட்ஃபிஷ், கோய் போதும், தொட்டி ஆழமாக இருக்கட்டும். ஏஞ்சல், மோலி, கப்பி எல்லாம் வீட்டுக்குள் ஹீட்டரோடு மட்டும். வீடியோவை நம்பி முழுப் பணம் அனுப்பாதீர்கள், கேரண்டி என்னவென்று எழுத்தில் வாங்குங்கள்.

1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் கொடுக்கப் போகிறேன். அதே குன்னூர் வீடியோ உங்களுக்கும் வந்திருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து கொடுப்போம்.